பிளேற்றோ கண்ட காதல்

கி. மு. 416 இல் அகதோன் என்னும் ஏதென்சு நகரக் கவிஞன் துன்பியல் நாடகப் போட்டியிற் பரிசு பெற்றான். அவ்வெற்றி விருந்தைக் களமாகக் கொண்டதே பிளேற்றோவின் ‘விருந்து’ என்னும் உரையாடல். ஏரோஸ் என்னும் காதற்கடவுளைப் பேரழகனென அகதோன் புகழ்ந்ததும் சோக்கிரதர் அவனை மடக்கினார்: தன்னிடம் இல்லாததையன்றோ ஒருவன் விரும்புவான்? அழகை நாடும் காதல் அழகுடையதாதல் எங்ஙனம்?

தியோத்திமா என்னும் பெண்மணி தமக்குக் கற்பித்ததாக அவர் கூறும் விடை இது: ஏரோஸ் கடவுளுமல்லன், மானிடனுமல்லன், வளத்துக்கும் வறுமைக்கும் பிறந்த இடைநிலையினன். காதல் ஓருடலின் அழகிலே தொடங்கி, உள்ளத்தின் அழகு, அறிவின் அழகு எனப் படிப்படியாக ஏறி, அழியா அழகைக் காணும். அங்ஙனமாயின், முதலிற் காதலிக்கப்பட்டவன் வெறும் ஏணிப்படிதானோ?

இந்த ஐயம் பிளேற்றோவுக்கும் இருந்திருத்தல் வேண்டும். சோக்கிரதர் பேசி முடித்ததும் குடிவெறியோடு உள்ளே நுழையும் அல்சிபியாதீசு, காதலைப் பற்றி யாதும் பேசாது, சோக்கிரதர் என்னும் ஒரு மனிதரைப் பற்றியே பேசுகின்றான்.