பல்கலைக்கழகங்களில் ஆட்குறைப்பும் ஆசிரியர் சங்கமும்: பிரிட்டன் தரும் பாடம்

தொழிற்சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன பால்மரக் காடும் இரயில் பாதையும் துறைமுகமுமே. கூலி உயர்வுக்கும் வேலை நேரக் குறைப்புக்கும் நல்ல குடியிருப்புக்கும் நம் முன்னோர் சங்கம் அமைத்துப் போராடிய வரலாறு நமக்குப் பழக்கமானது. ஆனால், பேராசிரியரும் விரிவுரையாளரும் தம் வேலை பறிபோகும் என்று அஞ்சிச் சங்கத்தின் துணையை நாடினர் என்றால், அது பலருக்கு வியப்பாகவே இருக்கும். கற்றவனுக்குச் சென்ற இடமெல்லாம் சிறப்பு என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய பல்கலைக்கழக ஆட்குறைப்பும், அதனை எதிர்த்து அங்குள்ள ஆசிரியர் சங்கம் நடத்திய இயக்கமும் நாம் ஊன்றிக் கற்கவேண்டிய வரலாறாகும். அச்சங்கம் பணியில் இருந்தோரைப் பெருமளவு காத்தது. ஆனால், பணிக்கு வரவிருந்தோரின் இடங்களைக் காக்க அதனால் இயலவில்லை. இவ்விரண்டும் ஒரே போராட்டத்தின் இரு விளைவுகள் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளர்ச்சியும் தளர்ச்சியும்

பிரிட்டிஷ் அரசு 1919ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவை நிறுவியது. அரசு கொடுக்கும் பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்குப் பகிர்ந்தளிப்பது அக்குழுவின் வேலை. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் தோன்றியதும் அதே 1919ஆம் ஆண்டில்தான். பணம் ஒரு மையத்திலிருந்து வரும்போது, அதனை நம்பி வாழ்வோரும் ஓர் அமைப்பாகத் திரள்வது இயல்பே. எனினும், அச்சங்கம் நெடுங்காலம் தன்னை ஒரு கல்வியாளர் கழகமாகவே கருதிக்கொண்டது. நாட்டின் தொழிற்சங்கப் பேரவையில் அது சேர்ந்தது 1976ஆம் ஆண்டில்தான்.

1963ஆம் ஆண்டில் வெளிவந்த ராபின்ஸ் குழுவின் அறிக்கை உயர்கல்வியின் வாயிலை அகலத் திறந்தது. தகுதியும் விருப்பமும் உடைய எவருக்கும் பல்கலைக்கழக இடம் கிடைக்கவேண்டும் என்பது அவ்வறிக்கையின் அடிப்படைக் கொள்கை. உயர்தொழில்நுட்பக் கல்லூரிகளாக இருந்த ஆஸ்டன், பிராட்ஃபோர்ட், சால்ஃபோர்ட் ஆகியவை 1966, 1967ஆம் ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களாக உயர்ந்தன. அக்கால ஆசிரியர் பலருக்கு நிலையான பணியுரிமை இருந்தது. தக்க காரணமின்றி, அதாவது கடமை தவறுதல், ஒழுக்கக்கேடு போன்ற குற்றமின்றி, ஒருவரை விலக்க இயலாது என்று பல பல்கலைக்கழகங்களின் சாசன விதிகள் கூறின. பணப் பற்றாக்குறை என்பது தக்க காரணங்களுள் ஒன்றாக அவ்விதிகளில் இடம்பெறவில்லை.

தளர்ச்சி முதலில் தாக்கியது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளைத்தான். கெர்க்பியிலும் பிரின்ஸ்ஃபோர்ட் லாட்ஜிலும் மலாயா ஆசிரியர்களைப் பயிற்றிய நாடு அது. அந்நாட்டிலேயே பிறப்பு விகிதம் குறைந்து, பள்ளிகளுக்குத் தேவையான ஆசிரியர் தொகை சுருங்கியதும், 1970ஆம் ஆண்டுகளில் பயிற்சிக் கல்லூரிகள் பல மூடப்பட்டன. பல பிற நிறுவனங்களுடன் இணைக்கப்பட்டன. பல்கலைக்கழகத்தார் அதனை அடுத்த வீட்டுத் துயரமாகவே பார்த்திருந்தனர்.

ஒரு கடிதமும் அதன் பின்விளைவும்

1979ஆம் ஆண்டில் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். அவருடைய அரசு பொதுச் செலவைக் குறைக்க உறுதி பூண்டது. முதல் அடி வெளிநாட்டு மாணவர்மேல் விழுந்தது. 1980ஆம் ஆண்டிலிருந்து புதிதாகச் சேரும் வெளிநாட்டு மாணவர் தம் கல்விக்கான முழுச் செலவையும் கட்டணமாகச் செலுத்தவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அக்காலத்தில் பிரிட்டனில் பயின்ற வெளிநாட்டினருள் மலேசிய மாணவர் மிகப் பெரிய தொகையினர். 1981ஆம் ஆண்டு அக்டோபரில் மலேசியப் பிரதமர் டாக்டர் மகாதீர் முகமது, பிரிட்டிஷ் பொருள்களை இறுதியாகவே வாங்குவோம் என்ற கொள்கையை அறிவித்தமைக்கு இக்கட்டண உயர்வும் ஒரு காரணமாகும். சிற்றூரிலிருந்து லண்டனுக்குப் பிள்ளையை அனுப்பக் கனவு கண்ட பெற்றோர் பலர் அக்கனவைக் கைவிட நேர்ந்தது.

அடுத்த அடி உள்நாட்டில் விழுந்தது. 1981ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மானியக் குழு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் ஒரு கடிதம் அனுப்பியது. அரசு குறைத்த பணத்தை எல்லாருக்கும் சமமாகக் குறைக்காமல், வேறுபடுத்திக் குறைத்திருந்தது அக்குழு. சில பல்கலைக்கழகங்கள் சிறு காயத்தோடு தப்பின. ஆஸ்டன், பிராட்ஃபோர்ட், கீல் ஆகியவை தம் மானியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தன. சால்ஃபோர்ட் இழந்ததோ 44 விழுக்காடு. தொழில்துறைக்கு உதவும் கல்வி வேண்டும் என்று அரசு ஒருபுறம் முழங்கிக்கொண்டிருக்க, தொழில்துறையோடு நெருங்கிய உறவுகொண்ட பல்கலைக்கழகமே பேரிடிக்கு ஆளாயிற்று. நாடு முழுவதும் ஏறத்தாழ 3,000 ஆசிரியப் பதவிகள் மறையும் என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

சங்கம் ஏந்திய படைக்கலம்

ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினால் உற்பத்தி நின்றுவிடும். முதலாளிக்கு அன்றே இழப்பு. விரிவுரையாளர் வேலையை நிறுத்தினால் இழப்பு மாணவர்க்கே; அரசுக்கோ அன்றைய சம்பளம் மிச்சம். இந்த உண்மையைச் சங்கம் உணர்ந்திருந்தது. ஆகவே, வேலைநிறுத்தத்தைக் காட்டிலும் சட்டத்தையே அது பெரிதும் நம்பியது.

சங்கத்தின் வாதம் எளிமையானது. நிலையான பணியுரிமை உடைய ஒருவரை ஆட்குறைப்பின் பெயரால் விலக்கினால், அது ஒப்பந்த மீறலாகும். ஒப்பந்தத்தை மீறியவர் இழப்பீடு தரவேண்டும். ஓய்வு பெறும் வயதுவரை ஒருவர் ஈட்டியிருக்கக்கூடிய ஊதியத்தைக் கணக்கிட்டு இழப்பீடு கோரினால், மிச்சப்படுத்தும் பணத்தைவிடக் கொடுக்கவேண்டிய பணம் மிகுதியாகிவிடும். இந்த வாதத்தை அரசினரால் புறக்கணிக்க இயலவில்லை. பலரைக் கட்டாயமாக விலக்குவதற்குப் பதிலாக, முன்னதாகவே விருப்ப ஓய்வு பெறுவோர்க்குப் பணம் தரத் தனிநிதி ஒதுக்கப்பட்டது.

அதே வேளையில் பொதுமக்கள் ஆதரவைத் திரட்டும் பணியும் நடைபெற்றது. நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முறையீடுகள் சென்றன. சால்ஃபோர்டில் துணைவேந்தர் ஜான் ஆஷ்வர்த்தின் முயற்சியால், பல்கலைக்கழகத்திற்கு ஆதரவாகத் தொழில் நிறுவனங்களையும் உள்ளூர் அமைப்புகளையும் ஒன்றுசேர்த்த இயக்கம் உருவாயிற்று. மூடிவிடலாம் என்று பேசப்பட்ட அப்பல்கலைக்கழகம் பிழைத்துக்கொண்டது. 1985ஆம் ஆண்டு ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆசிரியர், தம் பழைய மாணவியான தாட்சருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்குவதை 738க்கு 319 என்ற வாக்குக் கணக்கில் மறுத்தனர். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் இழைக்கப்பட்ட கேட்டினுக்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பு அது.

காக்கப்படாதவர் யார்?

கட்டாயப் பணிநீக்கம் பெருமளவு தவிர்க்கப்பட்டது சங்கத்தின் வெற்றியே. எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அணையாமல் காத்த வெற்றி அது. ஆயினும் அவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது.

விருப்ப ஓய்வு என்பது எந்தத் துறைக்கு ஆள் தேவை என்று பார்த்து நடைபெறுவதன்று. யாருக்கு வயது ஐம்பதைத் தாண்டிற்று என்று பார்த்து நடைபெறுவது. வேறிடத்தில் வேலை பெறவல்ல திறமைசாலிகள் பணத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறினர். அவர்கள் விட்டுச்சென்ற இடங்கள் பல நிரப்பப்படவில்லை. முனைவர் பட்டம் பெற்று வாயிலில் காத்திருந்த இளைஞருக்கு வேலை இல்லை. பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஒரு தலைமுறையே விடுபட்டுப் போகும் நிலை கண்டு, 1983ஆம் ஆண்டில் அரசே புதிய இரத்தம் பாய்ச்சும் திட்டம் என்ற பெயரில் சில நூறு இளம் விரிவுரையாளர்களை அமர்த்தப் பணம் ஒதுக்கவேண்டியதாயிற்று. முதியோர் வெளியேறவும் பணம். இளைஞர் உள்ளே வரவும் பணம்!

விலக்கப்பட்டவருக்கு ஒரு பெயர் உண்டு, முகம் உண்டு, அவருக்காகக் கூட்டம் கூடும். நிரப்பப்படாத பதவிக்கோ பெயரும் இல்லை, முகமும் இல்லை. சங்கத்தின் சந்தாப் புத்தகத்தில் இடம்பெறாத அந்த இளைஞருக்காகக் குரல் எழுப்புவது எந்தச் சங்கத்திற்கும் கடினமான செயலே.

சட்டத்தில் இழந்ததும் வென்றதும்

பணியுரிமையே தடை என்று கண்ட அரசு, அத்தடையை அகற்ற முனைந்தது. கல்வி அமைச்சர் கென்னத் பேக்கர் கொண்டுவந்த 1988ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம், பல்கலைக்கழகச் சாசனங்களைத் திருத்த ஆணையர்களை நியமித்தது. 1987ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாளிலும் அதற்குப் பின்னும் பணியேற்றோரும் பதவி உயர்வு பெற்றோரும் ஆட்குறைப்பின் பெயரால் விலக்கப்படலாம் என்றாயிற்று. பழையவர் காக்கப்பட்டனர், புதியவர் கைவிடப்பட்டனர்.

ஆயினும், அச்சட்டத்தில் ஒரு நன்மையும் விளைந்தது. வேலைக்கு உறுதி இல்லை என்றால் உண்மையை அஞ்சாது கூறுவது எங்ஙனம் என்ற வினாவைப் பல்கலைக்கழகத்தார் எழுப்பினர். ஆக்ஸ்ஃபோர்ட் வேந்தரான ராய் ஜென்கின்ஸ் பிரபு, பிரபுக்கள் சபையில் ஒரு திருத்தத்தை முன்மொழிந்து வெற்றி கண்டார். ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துகளை ஐயுற்று ஆராயவும், புதியனவும் பலர் விரும்பாதனவுமான கருத்துகளைச் சட்டத்திற்கு உட்பட்டு வெளியிடவும் ஆசிரியருக்கு உரிமை உண்டு. அதனால் அவர்தம் வேலைக்கு இடர் நேரக்கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தின் எழுத்தில் அவ்வுரிமை ஏறியது அந்தப் போராட்டக் காலத்தில்தான்.

இன்னொரு வழக்கு, ஆசிரியர் ஒவ்வொருவரும் அறியத்தக்கது. ஹல் பல்கலைக்கழகத்தில் 1966ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய தத்துவ விரிவுரையாளர் ஒருவர், 1988ஆம் ஆண்டில் பணம் போதவில்லை என்ற காரணத்தால் விலக்கப்பட்டார். அவர் நெறி தவறினார் என்றோ திறமையற்றவர் என்றோ யாரும் கூறவில்லை. தக்க காரணமின்றி விலக்கலாகாது என்னும் விதியை அவர் சுட்டினார். ஆனால், அவ்விதி நியமன நிபந்தனைகளுக்கு உட்பட்டு என்று தொடங்கியது. அவருடைய நியமனக் கடிதத்திலோ, மூன்று மாத முன்னறிவிப்புடன் பணியை முடிக்கலாம் என்ற ஒரு வரி இருந்தது. வழக்கு மன்றம் மன்றமாக ஏறி, 1992ஆம் ஆண்டு டிசம்பரில் பிரபுக்கள் சபையை அடைந்தது. நீதிபதிகள் ஐவருள் மூவர் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். இருபத்திரண்டு ஆண்டுப் பணியை, பணியேற்ற நாளில் ஊன்றிப் படிக்காது விடக்கூடிய ஒரு வரி வீழ்த்திற்று.

இன்றைய நிலை

புதியவருக்கு உறுதி இல்லை என்ற நிலையில், குறுகிய கால ஒப்பந்தப் பணிகள் பல்கின. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இவ்வாறு பணியாற்றியவரைத் தக்க காரணம் இருந்தாலன்றி நிரந்தரப் பணியாளராகவே கருதவேண்டும் என்ற விதி 2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006ஆம் ஆண்டில் பயன் தரத் தொடங்கியது. அதே 2006ஆம் ஆண்டில் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும், கல்லூரி விரிவுரையாளர்களின் தேசியச் சங்கமும் இணைந்து ஒரே சங்கமாயின. பயிற்சிக் கல்லூரிகள் மூடப்பட்டபோது இரு வேறு வீடுகளாக இருந்தோர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரே கூரையின்கீழ் வந்தனர்.

1980ஆம் ஆண்டில் வெளிநாட்டு மாணவர்மீது சுமத்தப்பட்ட முழுக் கட்டணம், நாளடைவில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களைத் தாங்கும் தூணாகவே மாறிற்று. 2024ஆம் ஆண்டில் வெளிநாட்டு மாணவர் பலர் தம் குடும்பத்தாரை அழைத்துவரத் தடை வந்தது. அவர்கள் வருகை குறைந்தபோது அத்தூண் ஆட்டங்கண்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகம் ஏறத்தாழ 400 பதவிகளை நீக்கும் திட்டத்தை வெளியிட்டது. சங்கம் போராட்டத்தில் இறங்கியது. அவ்வாண்டில் கட்டாயப் பணிநீக்கம் இராது என்ற உடன்பாடு மே மாதத்தில் ஏற்பட்டது. விருப்ப ஓய்வில் வெளியேறியோர் பலர். 1981ஆம் ஆண்டின் கதையே மீண்டும் நிகழ்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

இவ்வரலாற்றிலிருந்து ஆசிரியரும், ஆசிரியராக விழையும் மாணவரும் கொள்ளத்தக்கவை மூன்று. நியமனக் கடிதத்தை ஒரு வரியும் விடாது படித்தல் முதலாவது. அண்டைக் கல்விக்கூடத்தின் இழப்பைத் தம் இழப்பாகக் கருதுதல் இரண்டாவது. தமக்குப்பின் வருவோரின் இடத்திற்காகவும் வாதாடுதல் மூன்றாவது; இதுவே அனைத்திலும் அரியது. ஓர் ஆசிரியர் ஓய்வு பெறும்போது அவருக்கு மாலை அணிவித்து வாழ்த்துப்பா வாசிக்கிறோம். அவர் எழுந்த நாற்காலியில் அடுத்து அமர்பவர் யார், அவருக்கு என்ன உறுதி என்ற வினாவையும் அன்றே கேட்கும் சங்கம்தான் கல்வியைக் காக்கும் சங்கம் ஆகும்.