உத்தியோகமும் இல்லறமும்

உத்தியோகத்திற் சேரும் ஒருவர் கையில் முதன்முதல் வந்து சேர்வது நியமன உத்தரவு. பதவியின் பெயர், சம்பளம், பணியேற்க வேண்டிய நாள் ஆகியவற்றை ஆவலோடு படிக்கிறோம். அவற்றின் கீழே காணும் நிபந்தனைகளைப் படிப்பவர் சிலரே. நம் நாட்டு மகளிர் உத்தியோகம் பார்த்த வரலாற்றை அறிய விரும்பும் மாணவர்களோ, அந்த நிபந்தனைகளைத்தான் முதலிற் படிக்க வேண்டும்.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம், அரசாங்கப் பணிகளில் ஆண் பெண் என்ற வேற்றுமை கூடாது என்று 16ஆம் பிரிவில் விதித்தது. அடுத்த ஆண்டே, கோழிக்கோட்டில் வளர்ந்து சென்னையில் உயர்கல்வி கற்ற அன்னா ராஜம் என்ற நங்கை இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்ச்சி பெற்றார். தேர்வுக் குழுவினர், பெண்ணுக்கு வேறு பணிகளே ஏற்றவை என்று கூறினர். அவர் இணங்கவில்லை, சென்னை ராஜ்யத்தையே கேட்டுப் பெற்றார். அந்நாளில் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, ஒரு பெண்ணை மாவட்ட நிருவாகத்திற்கு அனுப்பத் தயங்கித் தலைமைச் செயலகத்தில் பதவி தர முன்வந்தார். அம்மையார் வாதாடித் துணை ஆட்சியர் பதவியை ஏற்றார். கதவு திறந்தது என்னவோ உண்மை. ஆனால் அவருடைய நியமன உத்தரவில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்ற எச்சரிக்கையும் இருந்தது.

அவருக்கு முன்னரே, 1949இல், வெளிநாட்டுப் பணியிற் சேர்ந்தவர் குடகு நாட்டைச் சேர்ந்த சி.பி.முத்தம்மா. அவரும் சென்னையிற் படித்தவரே. திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக அவர் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உடன் சேர்ந்த ஆடவர் எவரிடமும் அத்தகைய உறுதிமொழி கேட்கப்படவில்லை.

இந்த வேற்றுமைக்குக் காரணம் யாது? வீட்டுப் பொறுப்பே இல்லாத ஒருவர்தாம் உத்தியோகஸ்தர் என்று கருதியே அலுவலகங்கள் அமைக்கப்பட்டிருந்தன. ஆடவருக்கும் வீடு உண்டு; குழந்தைகள் உண்டு. அப்பொறுப்புகளை மனைவியோ தாயோ சுமந்தமையால், அவை அலுவலகத்தின் கண்ணிற் படவில்லை. பெண் வேலைக்கு வந்தபோதுதான் அந்த வீடு கண்ணிற் பட்டது. பட்டதும், வீட்டையோ வேலையையோ ஒன்றை விட்டுவிடு என்று விதி எழுதப்பட்டது.

இவ்விதியை எதிர்த்தவர்கள் உயர்பதவியினர் மட்டும் அல்லர். பம்பாயில் ஒரு மருந்து நிறுவனத்தில், மருந்துகளைக் கட்டும் பிரிவிலிருந்த பெண்கள் திருமணமானால் வேலையிழக்க நேரிட்டது. மணமானவர் அடிக்கடி வேலைக்கு வரமாட்டார் என்பது நிருவாகத்தின் வாதம். தொழிற்சங்கம் வழக்காடியது. 1965இல் சுப்ரீம் கோர்ட்டு அவ்வாதத்தை ஏற்கவில்லை. பிரசவகால விடுமுறைக்கு வேண்டிய மாற்று ஏற்பாட்டை நிருவாகமே செய்துகொள்ளலாம் என்று கண்டது.

முத்தம்மாவும் 1979இல் அதே நீதிமன்றத்தை நாடினார். திருமணத்திற்கு எழுத்து மூலம் அநுமதி பெற வேண்டும். குடும்பக் கடமைகள் பணிக்கு இடையூறு ஆகும் என்று அரசாங்கம் கருதினால் பதவி விலகுமாறு கூறலாம் என்பன அவர் சுட்டிய விதிகள். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண அய்யர் எளிய கேள்வி ஒன்றை எழுப்பினார்: குடும்பக் கடமை பெண்ணின் பணிக்கு இடையூறு ஆகுமாயின், ஆணின் பணிக்கும் ஆகாதா? வழக்கு நடக்குங் காலத்திலேயே அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. விதிகளும் நீங்கும் நிலையில் இருந்தன. எனினும், பணிவிதிகள் அனைத்தையும் சீர்தூக்கி, வேற்றுமைக் கறையைப் போக்க வேண்டும் என்று நீதிமன்றம் அறிவுறுத்தியது.

வெற்றி முழுமையாக வந்துவிடவில்லை. 1981இல் விமானப் பணிப்பெண்கள் தொடுத்த வழக்கில், முதற் கருவுற்றதும் பணிநீக்கம் செய்யும் விதியை நீதிமன்றம் தகர்த்தது. பணியேற்ற நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியையோ நிலைக்க விட்டது. வரலாறு படிப்படியாகவே நடக்கிறது.

இதற்கிடையே வேறொரு பாதையும் வளர்ந்தது. 1961ஆம் ஆண்டின் பேறுகால நன்மைச் சட்டம் பன்னிரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை அளித்தது. 2017இல் அது முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாயிற்று. ஐம்பது பேர் வேலைசெய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் அமைக்க வேண்டும் என்ற கடமையும் சேர்ந்தது. மத்திய அரசாங்கம் 2008 முதல் தன் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை வளர்ப்பிற்கென மொத்தம் 730 நாள் விடுமுறை அளிக்கலாயிற்று. ஆயினும், வயலிலும் கட்டட வேலையிலும் பிறர் வீட்டிலும் உழைக்கும் பெண்களுள் பலர் இவற்றின் பயனை நுகர்ந்ததில்லை.

மாணவர்களே, பதவியின் உயரமே வெற்றியின் அளவுகோல் என்று ஒரு தலைமுறை நம்பிற்று. ஆசிரியர்களாகிய நாங்களும், முதல் மதிப்பெண் பெற்ற மாணவியை மேடையேற்றிப் பாராட்டினோம். அவள் ஏற்கவிருந்த நிபந்தனைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது எங்கள் குறையே. அம்மகளிர் வேறோர் அளவுகோலை வைத்தனர். எதை இழந்து இப்பதவியைப் பெற்றோம், இழக்காமற் பெற வழியுண்டா என்று கேட்டனர். பல ஆண்டுகள் ஆட்சிப் பணியில் இருந்த பின், அன்னா ராஜம் தம்மோடு அப்பணியிற் சேர்ந்த ஆர்.என்.மல்ஹோத்ராவை மணந்தார், 1989இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்ற விதி பொய்த்தது.

நாளை உங்கள் கைக்கும் ஒரு நியமன உத்தரவு வரும். மாணவியரே, அதன் கடைசி வரி வரையில் படியுங்கள். மாணவர்களே, உங்கள் சகோதரியின் உத்தரவில் இருக்கும் நிபந்தனை உங்கள் உத்தரவில் ஏன் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். வீடு இருவருக்கும் உரியதாயின், அதன் சுமையும் இருவருக்கும் உரியதே.