காசு கட்டி முடிந்த பிறகே பொருள்

ஆஸ்திரேலியாவில் பொருள் வாங்க ஒரு பழைய வழி உண்டு. கடைக்குப் போய் வேண்டியதைத் தெரிந்தெடுத்து, விலையில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டிவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். பொருள் கடையின் பின்னறையில் உங்கள் பெயரில் காத்திருக்கும். வாரத்துக்கு ஒருமுறையோ சம்பள நாள்களிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, கடைசி டொலரும் தீர்ந்த அன்று எடுத்துக்கொண்டு போகலாம். வட்டி கிடையாது. இடையில் விலை ஏறினாலும் உங்களுக்குப் பழைய விலைதான். இதற்கு லேபை என்று பெயர். 1990களில் மேற்குச் சிட்னியில் ஒரு பெரிய கடையின் லேபை மேசையில் நான் வேலை செய்தேன். அப்படியான மேசைகள் இப்போது அருகிவிட்டன. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. இந்த நாட்டில் எங்களைப் போல வந்திறங்கியவர்களைத் தாங்கிய ஒரு வழக்கம் அப்படிச் சுவடில்லாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1920களில் இங்குள்ள கடைகளில் தொடங்கிய இந்த வழக்கம், 1930களின் பெருமந்தத்தில் வேரூன்றியது. 1931இல் நடுவர் நீதிமன்றம் அடிப்படைக் கூலியில் பத்து வீதத்தை வெட்டியது. 1932இல் தொழிற்சங்க உறுப்பினர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை. கடைக்காரருக்கு விற்றாக வேண்டும்; வருகிறவர் கையிலோ முழுக்காசு இல்லை. கடனாகக் கொடுத்தால் திரும்பி வருமா என்ற பயமும் இருந்தது. பொருளைக் கடையே வைத்துக்கொண்டால் அந்தப் பயம் தீர்ந்துவிடும். வாங்குகிறவருக்கும் தலையில் கடன் ஏறாது.

அதற்கு முன்பே தவணை முறை உலகுக்குத் தெரிந்ததுதான். அமெரிக்காவில் சிங்கர் கம்பனி 1850களிலேயே தையல் மெஷினைத் தவணைக்கு விற்றது. 1877இல் இலங்கைக்கும் வந்தது. என் அம்மாவின் மெஷினும் அப்படி வந்ததுதான். மாதா மாதம் காசு வாங்க வருகிறவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தது நினைவிருக்கிறது. ஆனால் அந்த முறையில் பொருள் முதலில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. விலையோடு வட்டியும் சேர்கிறது. தவணை தவறினால் அயலவர் பார்க்கப் பார்க்க வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். லேபையில் அந்த அவமானம் இல்லை. கட்ட முடியாமல் போனால் பொருள் மறுபடி விற்பனைத் தட்டுக்குப் போகும். ஒரு சிறு கட்டணம் கழித்து மிச்சக் காசு உங்களிடம் வரும். தெருவில் யாருக்கும் எதுவும் தெரியவராது. ஏழைகளின் மானத்தை இவ்வளவு நன்றாகக் காத்த வியாபார முறை வேறொன்றை நான் கண்டதில்லை.

1943இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் லேபை விற்பனைக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. போருக்குப் பிறகு புறநகர்கள் விரிந்தன. கடைகளும் பின்னாலேயே போயின. 1969இல் மெல்பேர்னின் பேர்வுட்டில் முதல் கேமார்ட் திறந்தது. ரயில் ஏறி நகரத்துக்குள் போகாமலே குடும்பத்துக்கு வேண்டியதை எல்லாம் வாங்கக்கூடிய இத்தகைய பெருங்கடைகள் லேபையைத் தொழிலாளர் குடியிருப்புகளின் வாசலுக்கே கொண்டுவந்தன. ஆண்டின் நடுவில், குளிர்காலத்தில், விளையாட்டுச் சாமான்களின் மலிவு விற்பனை நடக்கும். அப்போது லேபையில் போட்டுவைத்தால் நத்தாருக்கு முன் கட்டி முடித்துவிடலாம்.

நாங்கள் 1987இல் வந்தோம். ஹோம்புஷ்ஷில் ஒரு சிறு பிளாட். வங்கியில் கணக்கு இருந்தது. ஆனால் எங்களை யாரென்று வங்கிக்குத் தெரியாது, அதனால் கடன் அட்டை கிடைக்கவில்லை. லேபை மேசையில் சம்பளத் துண்டு கேட்கவில்லை, விசா கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. பெயர், விலாசம், முன்பணம், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்த நான் சிட்னியின் ஜூன் மாதக் குளிருக்கு வேண்டிய கம்பளிப் போர்வைகளை பெப்ரவரி வெக்கையில் லேபையில் போடப் பழகினேன்.

பிறகு அப்படியான ஒரு லேபை மேசைக்கு நானே வேலைக்குப் போனேன். வியாழக்கிழமைகளில் கடை இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்கும். பலருக்கும் அன்றுதான் சம்பளம். மாலை ஐந்து மணிக்கே வரிசை தொடங்கிவிடும். வியட்நாமியப் பாட்டிமார், லெபனான் தாய்மார், தொழிற்சாலைச் சீருடையோடு நேரே வந்தவர்கள். ஒவ்வொரு பொதிக்கும் இலக்கமிட்ட துண்டு ஒன்று கட்டியிருக்கும். விளையாட்டுச் சாமான்களைக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டுவோம். கூட வரும் பிள்ளையின் கண்ணில் படக்கூடாது. பொதிகளைக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி அடுக்க வேண்டும். எங்கள் ஆட்களின் பொதிகளைத் தேடுவது பெரும்பாடு. ஒரே பெண் ஒரு ரசீதில் தகப்பன் பெயரிலும் அடுத்ததில் கணவன் பெயரிலும் இருப்பாள். அதனால் தமிழ்ப் பெண்கள் வரிசையைத் தாண்டி என்னைத் தேடி வருவார்கள்.

“அக்கா, இந்தக் கிழமை ஐந்து டொலர்தான் இருக்கு, பரவாயில்லையோ?”

“பரவாயில்லை தங்கச்சி, தாரும்.”

ஐந்து டொலருக்கும் ரசீது எழுதுவேன், மீதி எவ்வளவு என்று அடியில் குறிப்பேன். இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்த ஒரு தாய் மகனுக்கு சைக்கிள் ஒன்று போட்டிருந்தாள். அவளுடைய வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். சில வாரம் ஆளைக் காணவில்லை. விதிப்படி பொதியைப் பிரித்திருக்கலாம். எங்கள் மேலாளர் வேண்டாம் என்றார். அவள் வந்தாள், கட்டி முடித்தாள், சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள். கடைக்கு அவள் மீதும் அவளுக்குக் கடை மீதும் நம்பிக்கை இருந்தது. அதை எந்தத் தாளிலும் நாங்கள் எழுதவில்லை.

இந்த நம்பிக்கை எங்களுக்குப் புதிதல்ல. லேபையில் போட்டவர்களில் பலர் சீட்டும் போட்டார்கள். ஒருவர் சீட்டுப் பிடிப்பார். மாதம் ஒரு தொகையை எல்லோரும் கட்டுவார்கள். அவசரமாகக் காசு வேண்டியவர் கூடிய கழிவு கூறி முதலில் எடுப்பார். அவர் விட்டுக்கொடுத்த கழிவு மற்றவர்களுக்குப் பிரியும். கடைசிவரை பொறுத்திருந்தவருக்கு முழுத்தொகையும் கிடைக்கும். அவசரத்துக்கு ஒரு விலை உண்டு, அந்த விலை பொறுத்திருந்த அயலவருக்கே போய்ச் சேரும். எங்கள் பாட்டன்மார் கணக்கில் இவ்வளவு நியாயம் வைத்திருந்தார்கள். சீட்டுக் காசோடு ஓடிப்போனவர்களும் உண்டு. அதனால்தான் இலங்கையில் 1935இலேயே சீட்டுகளுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. இந்தியாவில் சீட்டு நிதிகளுக்கான மத்தியச் சட்டம் 1982இல் வந்தது. சிட்னியில் எங்களிடம் இருந்தது ஒரு கொப்பியும் வாய்ச்சொல்லும்தான். நான் இருந்த சீட்டுகள் எதுவும் உடையவில்லை.

லேபையிலும் ஆபத்து இருந்தது. கடை மூழ்கினால் கட்டிய காசும் மூழ்கிவிடும். 1968இல் சிட்னியில் தொடங்கிய டிக் ஸ்மித் மின்னணுக் கடைகள் 2016 ஜனவரியில் கடன்காரர் கைக்குப் போனபோது, முன்பணம் கட்டியிருந்தவர்களும் பரிசு அட்டை வைத்திருந்தவர்களும் பிணையற்ற கடன்காரராக வரிசையின் கடைசியில் நிற்க வேண்டி வந்தது. 2011 ஜனவரி முதல் நாடு முழுவதற்கும் பொதுவான நுகர்வோர் சட்டம் நடைமுறையில் இருந்தும் இந்த இழப்பை அது தடுக்கவில்லை. மற்றபடி அது நல்ல சட்டம். லேபை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பொருள் கைக்கு வரும்முன் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கடைக்கு உண்மையில் ஏற்பட்ட நியாயமான செலவுக்கு மேல் கழிக்க முடியாது.

அவசரம் முதலில் அட்டை வடிவில் வந்தது. 1974இல் வங்கிகள் சேர்ந்து பாங்க்கார்டைக் கொண்டுவந்தபோது கேட்காதவர்களுக்கும் தபாலில் அனுப்பின. அதன் பிறகும் லேபை மேசைகள் நிறைந்துதான் இருந்தன. அவற்றை வெறுமையாக்கியது வேறொன்று. சிட்னியில் நிக் மோல்னரும் அன்டனி ஐசனும் தொடங்கிய ஆப்டர்பே 2016இல் பங்குச் சந்தைக்கு வந்தது. பொருளை இன்றே எடுத்துக்கொள்ளலாம். நான்கு தவணைகளில், இரண்டு வாரத்துக்கு ஒன்றாக, ஆறு வாரத்தில் கட்டலாம். வட்டி இல்லை, பிந்தினால் அபராதம். மீதியைக் கடைக்காரரிடம் வாங்கும் கட்டணத்தில் எடுத்துக்கொள்வார்கள். லேபையைத் தலைகீழாக்கிய முறை இது. 2021இல் அமெரிக்காவின் ஸ்குவேர் நிறுவனம் இதை வாங்குவதாக அறிவித்தபோது பேசப்பட்ட விலை ஏறக்குறைய 39 பில்லியன் ஆஸ்திரேலிய டொலர்.

2020 நவம்பரில் நிதிச் சந்தைக் கண்காணிப்பாளரான ஏசிக் இத்தகைய சேவைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கேட்கப்பட்ட பயனாளர்களில் ஐந்தில் ஒருவர் அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு தவணையாவது தவறியிருந்தார். ஐந்தில் ஒருவர், தவணையை நேரத்துக்குக் கட்டுவதற்காகச் சாப்பாடு போன்ற அத்தியாவசியங்களைக் குறைத்திருந்தார் அல்லது விட்டிருந்தார். அதை வாசித்தபோது எனக்கு அந்தத் துப்புரவுத் தாய் நினைவுக்கு வந்தாள். கையில் காசில்லாத வாரங்களில் அவள் கடைக்கு வராமல் இருந்தாள்; பிள்ளையின் சாப்பாட்டில் யாரும் கை வைக்கவில்லை. 2025 ஜூன் 10 முதல் இந்த நிறுவனங்களும் கடன் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. உரிமம் வேண்டும், வாங்குகிறவரால் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். பத்தாண்டு பிந்தி வந்த சட்டம் என்பதே என் தீர்ப்பு.

டன்டினோங்கிலும் துங்காபியிலும் வளரும் எங்கள் பிள்ளைகளின் கைபேசியில் இந்தச் செயலிகள் இருக்கின்றன. அவற்றை அழிக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஆனால் லேபை இன்னமும் முழுவதாகப் போய்விடவில்லை. சில பெரிய கடைகளிலும் பல சிறிய நகைக்கடை, தளபாடக் கடைகளிலும் கேட்டால் கிடைக்கும். அடுத்த முறை மகளுக்கு மடிக்கணினியோ மகனுக்கு சைக்கிளோ வேண்டுமென்றால் முதலில் லேபை உண்டா என்று கேளுங்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு தவணையையாவது அவர்களுடைய கைக்காசில் அவர்களே கட்டட்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள், விலகினால் எவ்வளவு கழிப்பார்கள் என்று முதலிலேயே கேளுங்கள், பொருள் கைக்கு வரும்வரை ரசீதுகளை எறியாதீர்கள்.