காலடி மண்ணுக்கு ஒரு சட்டம்

தஞ்சைப் பண்ணைகளில் வேலையும் வீடும் ஒரே கணக்கில்தான் இருந்தன. பண்ணையாள் கீற்றுக் குடிசை போட்டிருந்த மனை மிராசுதாருடையது. கூலி கேட்டு எதிர்த்து நின்றால் வேலையோடு குடிசையும் போகும்.

1952-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், நினைத்த மாத்திரத்தில் ஆளை நீக்குவதைத் தடுத்தது. சரி, மனை?

அதற்கு 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுச் சட்டம் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதற்குத் தடை போட்டது, மண் சொந்தமாகவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் நடுவே, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

1971-இல் கருணாநிதி அரசின் சட்டம் மனையைக் குடியிருந்தவருக்கே உரிமையாக்கியது. அதில் 'குடியிருப்பு' என்பதற்குத் தரப்பட்ட பொருளை நிதானமாகப் படிக்க வேண்டும். குடிசை நிற்கும் இடத்தோடு, அதை வசதியாக அனுபவிக்கத் தேவையான ஒட்டிய நிலமும் அதில் சேர்த்தி. வாடகைக்கு இருந்தவர் மட்டுமல்ல, உடைமையாளரின் அனுமதியில் வெறுமனே குடியிருந்தவரும் உரிமை கேட்கலாம். இந்த இரண்டாவது வரிதான் சட்டத்தின் உயிர். தலைமுறைகளாகப் பண்ணை நிலத்தில் கிடந்தவரிடம் வாடகைச் சீட்டு ஏது? அதைக் காட்டச் சொல்லியிருந்தால் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள்.