கம்பெனி வீட்டின் இரு கதவுகள்: காவிரிப் படுகையில் பாலர் நாடகக் குழுக்களும் ரசிகர் தொடர்புக் கட்டுப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தஞ்சை, கும்பகோணம், மாயவரம் முதலிய ஊர்களில் முகாமிட்டு நாடகம் நடத்திய பாலர் நாடகக் குழுக்கள், தம் சிறுவர் நடிகர்கள் வெளியாருடன் பழகுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. இக்கட்டுப்பாட்டைக் குருகுல ஒழுக்கத்தின் தொடர்ச்சியாகக் காண்பது வழக்கம். அது நடிகரிடம் வரும் வயதுவந்த ரசிகரைத் தடுத்ததேயன்றி, கம்பெனியைத் தேடிவந்த இளம் ரசிகரைத் தடுக்கவில்லை என்பதையும், அந்த வேறுபாட்டிற்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாலர் நாடகக் குழு, கம்பெனி வீடு, ஸ்திரீ பார்ட், இளம் ரசிகர், சிறார் உழைப்புச் சட்டம்.

முன்னுரை

ஒரு நிறுவனத்தில் பணிபுரிவோர் அந்நிறுவனத்தின் இளம் ரசிகர்களோடு எவ்வளவு பழகலாம், எவ்வழியில் பழகலாம் என்று விதி வகுப்பது இணையக் காலத்து வழக்கமாகக் கருதப்படுகிறது. விளையாட்டு, இசை, திரை ஆகிய துறைகளின் நிறுவனங்கள் தம் ஊழியர்கள் பதினெட்டு வயதிற்குட்பட்டோருடன் தனிப்பட்ட செய்திப் பரிமாற்றம் செய்வதற்கு வரம்பிடுகின்றன. கருவி புதியது, சிக்கல் பழையது. தமிழில் 'கம்பெனி' என்ற சொல்லே நெடுங்காலம் நாடகக் குழுவைச் சுட்டி வழங்கியது. 'கம்பெனியில் சேர்ந்தான்' என்றால் நாடகத்தில் சேர்ந்தான் என்றே பொருள். அந்தக் கம்பெனிகளுக்கும் ரசிகர் தொடர்பு பற்றிய விதிகள் இருந்தன. ஆனால் அங்கே வயதின் நிலை தலைகீழானது. பணிபுரிந்தோர் சிறுவர், காசு கொடுத்துப் பார்த்தோரில் பெரும்பாலோர் வயதுவந்தோர். இத்தலைகீழ் நிலையே இவ்வரலாற்றை இன்றைய விவாதத்திற்குப் பயனுள்ளதாக்குகிறது.

கம்பெனிக்கு முந்தைய நிலை

தஞ்சை வட்டாரத்தில் ஆடவரும் சிறுவரும் பெண் வேடமிட்டு நடிப்பது புதிதன்று. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடைபெறும் பாகவத மேளா இன்றும் அம்மரபைப் பேணுகிறது. அங்கே நடிகன் அக்கிரகாரத்து வீட்டுப் பிள்ளை. பார்ப்போர் அவனுடைய உறவினரும் அண்டை வீட்டாரும். நாடகம் முடிந்ததும் அவன் தன் வீட்டிற்கே செல்கிறான். ரசிகர் என்ற தனிக்கூட்டம் அங்கே உருவாக இடமில்லை. ஆகவே அக்கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கும் தேவை எழவில்லை.

ரயில் பாதை இந்நிலையை மாற்றியது. தென்னிந்திய ரயில்வே கும்பகோணம், மாயவரம் வழியே ஓடத் தொடங்கிய பின்னர், திரைச்சீலைகளும் உடுப்புப் பெட்டிகளும் கொண்ட ஒரு குழு ஊர்விட்டு ஊர் செல்வது எளிதாயிற்று. சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் மிராசுதாரிடம் நெல்லும் நேரமும் இருந்தன. கும்பகோணத்துப் பாலாமணி அம்மாளின் பெண்கள் நாடகக் குழுவைக் காண வருவோர்க்கெனத் தனி ரயிலே விடப்பட்டதாகவும், மக்கள் அதனைப் 'பாலாமணி ஸ்பெஷல்' என்று அழைத்ததாகவும் நாடக வரலாற்று நூல்கள் கூறும். அக்குழுவை நடத்தியவர் ஒரு பெண்; நடித்தோரும் பெண்கள். ரசிகரின் நாட்டம் அங்கே குழுவின் புகழாகவே எண்ணப்பட்டது. அதே நாட்டம் பத்துவயதுச் சிறுவன்மேல் விழுந்தபோது குழுத்தலைவர்கள் அதை வேறுவகையாகக் கையாண்டனர்.

கம்பெனி வீடு

பாலர் குழுக்களின் தோற்றத்திற்கு நாடக வரலாற்றாளர்கள் தரும் காரணம் வயதுவந்த நடிகர்களின் ஒழுங்கின்மை. குடி, நேரந்தவறுதல், மேடையில் தம் விருப்பப்படி பேசுதல், முன்பணம் பெற்றுக்கொண்டு வேறு குழுவிற்கு ஓடுதல் முதலியவற்றால் சலித்த ஆசிரியர்கள் சிறுவரை நாடினர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, ஜெகந்நாத ஐயரின் மதுரை பால மீனரஞ்சனி சங்கீத சபை, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, பிற்காலத்தில் நவாப் ராஜமாணிக்கம் நடத்திய தேவி பால விநோத சங்கீத சபை ஆகியன இவ்வகையில் பெயர்பெற்றவை. பெயரளவில் மதுரைக்குரியனவாயினும் காவிரிப் படுகையின் ஊர்கள் இவற்றுக்கு நல்ல வசூல் தந்த முகாம்களாக விளங்கின.

ஒரு முகாமில் கொட்டகை ஓரிடத்திலும் கம்பெனி வீடு வேறோரிடத்திலும் அமையும். கம்பெனி வீடு என்பது வாடகைக்கு எடுத்த ஒரு பெரிய வீடு. சிறுவர்கள் அங்கேயே உண்டு, உறங்கி, பாடம் பயின்றனர். நாடகம் விடிய விடிய நடக்கும். ஆதலால் உறக்கம் பகலில்தான். எழுந்ததும் பாட்டும் வசனமும் பயில்தல், வாத்தியாரின் பிரம்படி, மாலையில் வரிசையாகக் கொட்டகைக்குச் செல்லுதல், அனுமதியின்றி வெளியே செல்லாமை ஆகியவை அக்காலத்து நடிகர்களின் தன்வரலாறுகளில் மீண்டும் மீண்டும் வரும் செய்திகள். தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' இவ்வகையில் முதன்மையான சான்று. எனினும் அந்நூலைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறத்தலாகாது. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் குழுவில் சேர்ந்தபோது, நடிகரான அவர்களுடைய தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் உடனிருந்தார். தந்தை உள்ளே இருந்த பிள்ளையின் கம்பெனி வீடும், எவரும் இல்லாத பிள்ளையின் கம்பெனி வீடும் ஒன்றல்ல. முன்னவர் எழுதிய நூலைக் கொண்டு பின்னவரின் நிலையை அளப்பது தவறான முடிவிற்கே இட்டுச்செல்லும்.

வெளியாரைத் தடுத்த கதவு

ரசிகரின் அன்பு அக்காலத்தில் பல வடிவங்களில் வெளிப்பட்டது. 'ஒன்ஸ் மோர்' என்ற கூச்சல், மேடையிலேயே சூட்டப்படும் பதக்கம், பட்டாடை, ரொக்கம், மறுநாள் வீட்டிற்கு விருந்து அழைப்பு எனப் பலவாறு அது அமைந்தது. ராஜபார்ட் நடிகனைக் காட்டிலும் ஸ்திரீ பார்ட் சிறுவனே இவ்வன்பிற்குப் பெரிதும் இலக்கானான். ஊர்ப் பெரிய மனிதரின் விருந்தைக் குழுத்தலைவர் நேரடியாக மறுப்பதும் எளிதன்று. கொட்டகைக்கு நிலம் தந்தவரும், முன்வரிசை நாற்காலிகளை எடுத்துக்கொண்டவரும் அவராகவே இருக்கக்கூடும். இந்நிலையில் 'கம்பெனி விதி' ஒரு நல்ல மறைப்பாகப் பயன்பட்டது. மறுப்பது தலைவரல்லர், விதி என்றாகும்.

இவ்விதியை ஆராய்ந்தால் மூவகை அச்சங்கள் அதில் ஒன்றாகக் கலந்திருப்பது புலனாகும். சிறுவனின் உடலுக்கும் மனத்திற்கும் நேரக்கூடிய தீங்கு ஒன்று. பிற குழுக்களின் ஆட்கள் ரசிகரைப்போல் வந்து நல்ல நடிகனைக் கலைத்துக்கொண்டு போவது மற்றொன்று. சிறுவன் தானே வீட்டிற்கு ஓடிப்போவது மூன்றாவது. இவற்றுள் எது முதன்மையானது என்பதற்கு நாடகத் தொழிலின் கணக்கே விடை தருகிறது. ஒரு சிறுவனுக்குப் பாட்டும் வசனமும் பயிற்றி மேடையேற்றும் வரை அவனுக்கான உணவும் உடையும் செலவு. மேடையேறிய பின்னரே அவனால் வரவு. பெண் வேடத்தில் அவனுடைய மதிப்போ மகரக்கட்டு வரும்வரைதான். குரல் உடைந்தால் அவனுக்கு வேறு வேடம் தேடவேண்டும், அல்லது அவனை அனுப்பிவிட வேண்டும். செலவு முன்னதாகவும், வரவு சில ஆண்டுகளுக்கு மட்டுமே உரியதாகவும் உள்ள தொழிலில் கதவைப் பூட்டிவைக்கும் தூண்டுதல் மிகுதி. கதவு தடுத்தவர்களின் பட்டியலும் இதனை உறுதிசெய்கிறது. விருந்துக்கு அழைத்த மிராசுதாருக்கு மட்டுமன்றி, சிறுவனின் சொந்த வீட்டிற்கும் அது பெரும்பாலும் மூடியே இருந்தது. சிவாஜி கணேசன் கம்பெனியில் சேர்ந்தபின் ஆண்டுக்கணக்கில் வீடு திரும்பாதிருந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். தாயையும் அந்நியரையும் ஒரே 'வெளியார்' பட்டியலில் வைக்கும் விதியைக் குழந்தைப் பாதுகாப்பு விதியாக மட்டும் கருத இயலாது.

இதனால் அவ்விதி பயனற்றது என்பதன்று. கட்டுப்பாட்டிற்குப் பேர்பெற்ற நவாப் ராஜமாணிக்கத்தின் குழுவில் பதின்மூன்று வயதளவில் சேர்ந்த எம்.என். நம்பியார் போன்றோர் அவ்வொழுக்கத்தைத் தம் வாழ்நாள் முழுதும் மதித்துப் பேசினர். கதவு மூடியிருந்ததால் தப்பிய சிறுவர் பலர் இருந்திருப்பர். தப்பியவருக்குச் சான்று எழுதப்படுவதில்லை. ஆயினும் கதவுக்கு உட்புறம் இருந்த வாத்தியார், மூத்த நடிகர், சமையற்காரர், மேலாளர் ஆகியோர்மீது அவ்விதி எந்த வரம்பையும் விதிக்கவில்லை. வெளியார் எவரும் வரமுடியாத வீட்டில், உள்ளே நடப்பதைச் சிறுவன் முறையிடவும் வெளியார் எவருமில்லை.

இளம் ரசிகருக்குத் திறந்த கதவு

கொட்டகையில் மிராசுதார் மட்டும் இருந்ததில்லை. தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அமர்ந்த சிறுவர்களும் இருந்தனர். தம் வயதொத்தவன் கிரீடம் தரித்து வசனம் பேசக் கண்ட அவர்களுக்கு நாடகத்தின்மீது எழுந்த மயக்கம் தனிவகையானது. பாலர் குழுக்கள் இம்மயக்கத்தைத் தடுக்கவில்லை. அவற்றின் ஆள்சேர்ப்பே இதை நம்பியிருந்தது.

1928-இல் பிறந்த கணேசன், திருச்சியில் கட்டபொம்மன் கதைக் கூத்தைக் கண்டு நடிக்கும் ஆவல் கொண்டவர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழு அவ்வூரில் முகாமிட்டபோது, தமக்குப் பெற்றோர் இல்லை என்று கூறி அதில் சேர்ந்தார். உண்மையில் அவருடைய பெற்றோர் அதே ஊரில் இருந்தனர். இந்நிகழ்ச்சி பெருநடிகர் ஒருவரின் பிள்ளைக் குறும்பாகவே இதுவரை சொல்லப்பட்டு வந்துள்ளது. நிறுவன வரலாற்றின் நோக்கில் இதில் கவனிக்கத்தக்கது சிறுவன் சொன்ன பொய்யன்று. அப்பொய் போதுமானதாக இருந்தது என்பதே. ஏறத்தாழ ஏழு வயதுடைய ரசிகன் ஒருவன் தனியே வந்து, கேட்பதற்கு ஆளில்லை என்று சொன்னபோது, அது கம்பெனியில் சேர்வதற்குத் தடையாகாமல் தகுதியாயிற்று. எம்.ஆர். ராதாவும் வீட்டில் பிணங்கி ஓடிவந்து நாடகக் குழுவில் சேர்ந்தவரே. கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளி மாணவராயிருந்த எம்.ஜி.ஆர். தம் தமையன் சக்ரபாணியுடன் ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்ததற்கோ காரணம் மயக்கமன்று, வறுமை. தந்தையை இழந்த குடும்பத்தில் இரு பிள்ளைகளுக்குக் கம்பெனியில் இருவேளைச் சோறு உறுதி. ரசிகனாகி வந்தவனும் பசியால் வந்தவனும் நுழைந்தது ஒரே கதவின் வழியேதான். அதைக் காத்து நின்று வினவுவதற்கு ஒருவருமில்லை.

சட்டத்தின் பார்வை

அரசு நாடகத்தைக் கண்காணிக்காமல் இல்லை. 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் மேடையில் பேசப்படுவதைக் கண்காணித்தது. பேசுபவனின் வயது அதன் அக்கறையன்று. சிறுவர் பக்கம் நெருங்கி வந்தது 1933-ஆம் ஆண்டின் சிறார் உழைப்பு அடகுச் சட்டம். பணமோ பிற பயனோ பெற்றுக்கொண்டு பதினைந்து வயதிற்குட்பட்ட பிள்ளையின் உழைப்பைப் பெற்றோர் அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. அமிர்தசரஸ், அகமதாபாத் ஆகிய ஊர்களோடு சென்னையிலும் இவ்வழக்கம் இருந்தமையை அரசத் தொழிலாளர் ஆணையம் கண்டறிந்ததே அச்சட்டத்திற்கு அடிப்படை. ஆயினும் அச்சட்டத்தின் பார்வை பட்டறைகள்மீதே இருந்தது. மேலும், நியாயமான கூலி அல்லாத வேறு பயன் இன்றி, பிள்ளைக்குத் தீங்கின்றி, ஒரு வார முன்னறிவிப்பில் முறிக்கத்தக்க ஒப்பந்தத்தை அது விலக்கி வைத்தது. கலை பயிற்றும் குருகுலம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட குழுவை அச்சட்டத்திற்குள் கொண்டுவருவது எளிதாயிருந்திராது. பாலர் குழுக்களை அழித்ததும் சட்டமன்று, பேசும்படமே. கம்பெனியில் பயின்ற சிறுவர்கள் கோயம்புத்தூர், சேலம், சென்னை ஸ்டுடியோக்களுக்குச் சென்றனர். 1925-இல் தொடங்கப்பட்ட தி.க.ச. சகோதரர்களின் பால சண்முகானந்த சபை 1950-இல் கலைக்கப்பட்டது.

நடிக்கும் சிறுவரைப் பெயர் சுட்டிக் காக்கும் விதிகள் வர 2017 வரை ஆயிற்று. நாளொன்றுக்கு ஐந்து மணிநேரத்திற்கு மேல் வேலை கூடாது, ஐந்து சிறுவர்க்கு ஒருவரேனும் பொறுப்பாளராக இருத்தல் வேண்டும், வருவாயில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு சிறுவர் பெயரில் வைப்பாக இருத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. பத்துமணி இரவில் தொடங்கி விடியலில் முடிந்த நாடகங்களை எண்ணுவோர்க்கு இவ்விதிகளின் ஒவ்வோர் எண்ணும் பொருளுடையதாகத் தோன்றும்.

ரசிகர் தொடர்பைப் பொறுத்தவரை இரு சட்டங்கள் கருதத்தக்கன. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாலியல் நோக்கத்துடன் ஒரு சிறாரை நேரிலோ மின்னணு வழியிலோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைக் குற்றமாக்குகிறது. மிராசுதாரின் விருந்தழைப்பும் கைப்பேசிச் செய்தியும் அதன் முன் ஒரே தரத்தன. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தன்கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் கம்பெனிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. வெளியாரைத் தடுப்பதோடு தன் கடமை முடிந்தது என்று எந்த நிறுவனமும் இனிச் சொல்ல இயலாது. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களை நிறுவனங்கள் கையாள்வதற்கு முன், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைப் பெறவேண்டும் என்கிறது. வயது கேட்கும் கட்டத்தில் விருப்பமான ஆண்டை நிரப்பிவிட்டு உள்ளே நுழையும் இன்றைய சிறுவனும், பெற்றோர் இல்லை என்று சொல்லிக் கம்பெனி வீட்டுத் திண்ணையில் ஏறிய அன்றைய சிறுவனும் செய்வது ஒன்றே. திருச்சியில் அன்று அச்சிறுவனின் வீடு எங்கே என்று விசாரிக்க ஒருவரை அனுப்பியிருந்தால், அவர் ஊரெல்லை தாண்டவேண்டியிருந்திராது.