தீர்ப்பு கையில் இருக்கிறது, பணம் எங்கே? தோட்டக் கம்பனி தர மறுத்தால் செய்ய வேண்டியவை

பதுளை, பசறை, ஹாலி-எல பக்கத்துத் தோட்டங்களில் ஓய்வுபெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “வழக்கில் வென்றுவிட்டோம். கம்பனி பணம் தரவில்லை. இனி யாரிடம் போவது?” வழக்கை வெல்வது பாதி வழிதான். தீர்ப்பை நிறைவேற்றுவது மீதி வழி. நீதிமன்றம் அதைத் தானாகச் செய்யாது. நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில், வர வேண்டியது எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலைசெய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக உண்டு. நாட்சம்பளம் 1000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 30 வருடச் சேவைக்கு 420,000 ரூபா. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் 10 முதல் 30 வீதம் வரை மேலதிகக் கட்டணம் சேரும். ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி 12 வீதம் செலுத்த வேண்டும். நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும்.

நீதவான் நீதிமன்ற வழி

சேவைக்காலப் பணமோ சேமலாப நிதியோ நிலுவையாக இருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். தொழில் ஆணையாளர் நிலுவைத் தொகையைக் குறிப்பிட்டு நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் அனுப்பலாம். கம்பனி தக்க காரணம் காட்டாவிட்டால் அந்தத் தொகை அபராதம் போலவே அறவிடப்படும். எனக்குத் தெரிந்தவரை, தொழிலாளிக்குச் செலவு குறைந்த வழி இதுதான். வழக்கை நடத்துவது திணைக்களம். சேமலாப நிதிச் சட்டத்தில், கம்பனி செய்யும் குற்றத்துக்குப் பணிப்பாளர்களும் பொறுப்பு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

தொழில் நியாய சபையின் கட்டளையை மீறுவதும் குற்றம். மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய விரும்பும் கம்பனி பிணைப்பணம் கட்ட வேண்டும். “அப்பீல் போட்டிருக்கிறோம்” என்று அலுவலகத்தில் சொன்னால், பிணைப்பணம் கட்டியாயிற்றா என்று தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

என் சித்தி 31 வருடம் கொழுந்து பறித்தவர். கட்டளை வந்த பின்னும் இரண்டு வருடம் அவரை இழுத்தடித்தார்கள். தேயிலை விலை சரியில்லை, பெரிய துரை மாறிவிட்டார், அடுத்த மாதம் வாருங்கள் என்பதே பதில். திணைக்களம் வழக்குப் போட்ட பிறகுதான் தவணை முறையில் பணம் வந்தது. ஆள் களைத்துப்போகும் வரை இழுப்பதே அவர்களின் வழி.

மாவட்ட நீதிமன்ற வழி

மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு என்றால், நிறைவேற்று எழுத்தாணைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிஸ்கால் சொத்தைக் கைப்பற்றி விற்பார். தீர்ப்புத் தேதியிலிருந்து 10 வருடம் கடந்தால் இந்த எழுத்தாணை கிடைக்காது.

எதைக் கைப்பற்றலாம்? தோட்டக் காணி கம்பனிக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. காணி இன்றும் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை மட்டுமே. ஆகவே காணியை நம்பியிருக்காமல் வங்கிக் கணக்கு, வாகனம், ஸ்டோரில் இருக்கும் தேயிலை ஆகியவற்றைப் பாருங்கள். கொழும்பு ஏலத்தில் விற்ற தேயிலைக்காகத் தரகர் கம்பனிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையும் பிஸ்கால் அறிவித்தல் மூலம் தடுக்கலாம். அவை ஏற்கெனவே வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டுள்ளனவா என்று சட்டத்தரணி மூலம் முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

எழுத்தாணையும் பலனின்றித் திரும்பினால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கடன் தீர்க்க முடியாத கம்பனி என்று காட்டி அதைக் கலைக்கக் கோரலாம். அப்போது தொழிலாளரின் நிலுவைக்கு முன்னுரிமை உண்டு. ஆனாலும் கம்பனி மூடப்பட்டால் இன்று அங்கே வேலைசெய்பவர்களின் அடுப்பும் அணையும். இதைக் கடைசி வழியாகவே வையுங்கள்.

வன்னியில் இருப்பவர்களுக்கு

வன்செயல்களுக்குப் பின் ஊவாவை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்த குடும்பங்களில் பெற்றோர் மட்டும் தோட்டத்தில் தங்கியதுண்டு. அவர்கள் இறந்திருந்தால் சேவைக்காலப் பணம் வாரிசுகளுக்கு உரியது. முறைப்பாடு தோட்டம் இருக்கும் பகுதியின் தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். போரில் ஆவணங்கள் அழிந்திருந்தாலும் பெயர், தோட்டம், டிவிஷன், செக்ரோல் இலக்கம், சேமலாப நிதி இலக்கம் என்று நினைவில் உள்ளதை எழுதிக் கொடுங்கள். அடையாள அட்டையில் ஒரு பெயரும் செக்ரோலில் வேறு பெயரும் இருந்தால் சத்தியக் கடதாசி தேவைப்படும்.

சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்தை நாடலாம். சிங்களம் புரியாவிட்டால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அது அரசியலமைப்பு தந்த உரிமை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரதி, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தேதிக் குறிப்பு வைத்திருங்கள். அடுத்த முறை “வாருங்கள் பார்க்கலாம்” என்று சொல்பவரிடம், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.