டீ குடித்தால் தீருமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எம்மாவை எண்ணெய்ச் சட்டியில் போட்டு வறுத்தெடுத்துவிட்டு இப்போது சாவகாசமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணிச் சகோதரர் அவர்களே, அரங்கத்திலும் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

குஸ்தாவ் ஃப்ளோபேர் எழுதிய 'மதாம் போவாரி' என்ற பிரெஞ்சு நாவல். அதன் கதாநாயகி எம்மாவின் அழிவுக்குப் பெரிதும் காரணம் அவள் குணமா, அவள் வாழ்ந்த சமூகமா? இதுதான் தலைப்பு. சமூகமே என்று பேச வந்திருக்கிறேன்.

சகோதரர் எனக்குச் சவால் விட்டார். "இந்த அம்மாகிட்ட ஒரே ஒரு நல்ல குணத்தைக் காட்டுங்க பார்ப்போம்" என்றார். ஐயா, நான் காட்டப் போவதில்லை. ஏன்னா, தேடிப் பார்த்தேன், எனக்கே அவ்வளவா கிடைக்கல! (சிரிப்பு)

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார்மண்டிப் பகுதியில் ஒரு விவசாயியின் மகள் எம்மா. கான்வென்ட்டில் படித்தவள். படித்ததைவிடத் திருட்டுத்தனமாக வாசித்த காதல் கதைகள்தான் அதிகம். சார்ல் என்ற கிராமத்து வைத்தியருக்கு வாழ்க்கைப்படுகிறாள். நல்ல மனுஷன், பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருக்கிறான். இவளுக்கோ அவன் சாப்பிடுகிற சத்தம்கூடப் பிடிக்கவில்லை. குழந்தை பிறக்கிறது. பெண் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கணவனுக்குத் தெரியாமல் ஒருவன், அவன் கைவிட்ட பிறகு இன்னொருவன். நடுவில் தலைக்கு மேல் கடன். கடைசியில் நஞ்சு தின்று சாகிறாள். அந்த துக்கத்திலேயே கணவனும் போய்ச் சேர்கிறான். அநாதையான குழந்தை பஞ்சாலைக்கு வேலைக்குப் போகிறது.

இவளை யாருக்குப் பிடிக்கும்? எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, ஒருத்தியைப் பிடிக்கவில்லை என்பது வேறு, எல்லாப் பழியையும் அவள் தலையில் கட்டுவது வேறு.

சகோதரர் ஒரு காட்சியைச் சொன்னார். தத்தித் தத்தி நடந்து வந்து முழங்காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையை எம்மா பிடித்துத் தள்ளுகிறாள். குழந்தை கன்னத்தில் அடிபட்டு ரத்தம் வருகிறது. கணவன் கேட்டதற்கு, விளையாடும்போது விழுந்துவிட்டாள் என்று பொய் சொல்கிறாள். அரங்கமே உச்சுக் கொட்டியது. சரிதான். ஆனால் அன்று சாயங்காலம் அவள் எங்கே போய்விட்டு வீடு திரும்பினாள் என்பதைச் சகோதரர் சொல்லவில்லையே!

கோயில் மணி அடிக்கிறது. மனசு தாங்காமல் ஊர்ப் பாதிரியாரைத் தேடிப் போகிறாள் எம்மா. அப்போது அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை, தடுமாற்றம் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு ரொம்ப வேதனையாக இருக்கிறது என்கிறாள். பாதிரியாருக்குப் பாடத்துக்கு வந்த பையன்களை அதட்டவே நேரம் சரியாக இருக்கிறது. அஜீரணமாக இருக்கும்மா, வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் டீ குடி என்று அனுப்பிவிடுகிறார். (சிரிப்பு)

நீங்கள் சிரிக்கிறீர்கள், ஃப்ளோபேரும் சிரிக்கத்தான் எழுதினார். ஆனால் அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்தவள்தான் குழந்தையைத் தள்ளுகிறாள். தள்ளியது தப்பு. ஆயிரம் முறை தப்பு. அந்தத் தப்புக்கு ஒரு நிமிஷம் முந்தி, உதவி கேட்டு ஒரு கதவைத் தட்டிவிட்டு வந்தாள் என்பதும் அதே அத்தியாயத்தில்தான் இருக்கிறது.

சரி, வாழப் பிடிக்கவில்லை என்றால் சட்டப்படி விலகிப் போக வேண்டியதுதானே என்று கேட்டார்கள். இங்கேதான் சரித்திரத்தைப் புரட்ட வேண்டும். கதை நடப்பது 1830களிலும் 1840களிலும். பிரான்சில் விவாகரத்து உரிமையை 1816-லேயே ரத்து செய்துவிட்டார்கள். மறுபடி அந்தச் சட்டம் வந்தது 1884-ல். இடையில் 68 வருஷம்! எழுதிய ஃப்ளோபேரே 1880-ல் காலமாகிவிட்டார். நீதிமன்றம் போய்த் தனியாக வாழ அனுமதி வாங்கலாம், மறுமணம் கிடையாது.

1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றே எழுதி வைத்தது. 1810-ன் தண்டனைச் சட்டம் இன்னும் அழகு. மனைவி நெறி தவறினால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. கணவன் தவறினால்? இன்னொருத்தியை அந்த வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தால்தான் குற்றம். அதற்கும் அபராதம் மட்டும்தான்! (கைதட்டல்)

அடுத்து கடன். எம்மாவுக்குக் கடன் கொடுத்தவன் ஊர்த் துணி வியாபாரி. அவன் பெயருக்கே 'மகிழ்ச்சியானவன்' என்று பொருள். கடன் கொடுக்கிறவன் மகிழ்ச்சியாகத்தானே இருப்பான்! (சிரிப்பு) இப்போது பணமா கேட்டேன், எடுத்துக்கிட்டுப் போங்கம்மா என்பான். புரோநோட்டு எழுதுவான். தவணை முடிந்ததும் வட்டியைச் சேர்த்துப் புது நோட்டு. கல்யாணமான பெண் கணவன் சம்மதம் இல்லாமல் இப்படிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட முடியாத காலம் அது. அதனால், புருஷனிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொள் என்று வழி சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். கடன் 8,000 பிராங்கில் வந்து நின்றது. வீட்டுச் சாமான்கள் ஜப்தி. பணத்துக்குப் போனால் பத்திரம் எழுதுகிற பெரிய மனிதர் வேறொன்றைக் கேட்கிறார். காதலித்தவர்கள் இருவரும் கையை விரிக்கிறார்கள்.

ஆசைப்பட்டது அவள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆசையை வைத்து வியாபாரம் செய்தவன் அதே ஊரில் சௌக்கியமாக இருக்கிறானே, அது யார் தப்பு?

நடுவர் அவர்களே, இதே பட்டிமன்றம் பாரிஸ் நகரில் ஒருமுறை நிஜமாகவே நடந்தது. 1856 கடைசியில் இந்த நாவல் ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது. பொது ஒழுக்கத்துக்கும் மதத்துக்கும் கேடு என்று அரசாங்கம் வழக்குப் போட்டது. எழுதியவர், பத்திரிகைப் பொறுப்பாளர், அச்சிட்டவர் மூவரும் கூண்டில். 1857 ஜனவரி 29-ல் விசாரணை. அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார். ஃப்ளோபேர் தரப்பில் செனார். செனார் நாலு மணி நேரம் பேசினாராம். நமக்கு எட்டு நிமிஷத்தில் மணி அடித்துவிடுகிறார்கள்! (சிரிப்பு) ஃப்ளோபேர் தன் செலவில் சுருக்கெழுத்தாளரை வைத்து அத்தனையையும் எழுதி எடுத்தார். 1873-ல் வந்த பதிப்பில் அந்த வாதங்களையும் நாவலோடு சேர்த்தே அச்சிட்டார்கள்.

பினார் சொன்னது, இந்தப் பெண்ணைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஒருவரும் கதையில் இல்லை என்பது. சரி, எம்மா பக்கம் செனார் பேசினாரா? அதுவும் இல்லை. இவள் படுகிற பாட்டைப் பார்த்து மற்ற பெண்கள் பயந்து ஒழுங்காக இருப்பார்கள், ஆகவே இது நல்ல புத்தகம் என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். நம் எதிரணிக்கு அங்கே இரண்டு பக்கமும் ஆள் இருந்திருக்கிறது! (சிரிப்பு, கைதட்டல்) பிப்ரவரி 7-ல் நீதிபதிகள் புத்தகத்தைக் கொஞ்சம் கடிந்துகொண்டு மூவரையும் விடுதலை செய்தார்கள்.

அப்படியானால் எம்மாவுக்காகப் பேசியது யார்? ஒரு வாசகி. ஆன்ழே நகரில் வாழ்ந்த லெரோயே த ஷான்தப்பி என்ற அம்மையார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். வழக்கு வருவதற்கு முன்பே, 1856 டிசம்பரில், முன்பின் தெரியாத ஃப்ளோபேருக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கதையை நிஜமென்றே நம்பினார், அந்தப் பெண்ணின் துயரம் தனக்குத் தெரிந்த துயரம் என்றார். இது முழுக்கக் கற்பனை என்று ஃப்ளோபேர் பதில் போட்டார். அந்த அம்மையார் விடவில்லை. இருவரும் ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

இந்தக் கதையை என் அம்மாவுக்கு நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன், தினம் ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாக. பாதிரியார் டீ குடிக்கச் சொன்ன இடத்தில் அம்மா சிரித்தார். குழந்தையைத் தள்ளிய இடம் வந்ததும், "சே, இவ ஒரு தாயா? போதும்டி, மூடு புஸ்தகத்தை" என்று எழுந்து போய்விட்டார். உங்கள் அணியில் சேர்ந்துவிட்டார் சகோதரரே!

மறுநாள் காலையில் அரிசி களைந்துகொண்டே தானாகப் பேசினார். "எங்க பெரியக்கா ஒரு தரம் ராத்திரி தனியா வந்து வாசல்ல நின்னா. இனிமே அங்க போகலப்பான்னா. எங்கப்பா ஒண்ணுமே கேக்கல. காப்பி போட்டுக் குடுக்கச் சொன்னார். விடிஞ்சதும் முதல் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டார். அப்புறம் அவ எதையும் யார்கிட்டயும் சொன்னதில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அவ கோவக்காரின்னுதான் உங்களுக்கெல்லாம் தெரியும்" என்றார்.

உண்மைதான். பெரியம்மா என்றாலே நாங்கள் பயந்து ஓடுவோம். சுள்ளென்று விழுவார், பிள்ளைகளை அடிப்பார். எங்களுக்கு அவரைப் பிடிக்காது. அவரும் ஒரு கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று ராத்திரி அம்மாவே, "அந்த எம்மா என்ன ஆனா, சொல்லு" என்று வந்து உட்கார்ந்தார்.

நடுவர் அவர்களே, எம்மா நல்லவள் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என நான் கேட்கவில்லை. அவளைக் கண்டிக்கத் தகுதியான ஒருவர்கூடக் கதையில் இல்லை என்றார் பினார். அவளை உட்காரவைத்து, என்னம்மா ஆச்சு என்று கேட்கவும் அந்த ஊரில் ஒருவர் இல்லை. சார்ல்கூட அன்பு காட்டினானே தவிர, கேட்கவில்லை. சட்டம், கோயில், கடை, வீடு, நாலு கதவும் சாத்தியிருந்த ஊர் அது. சட்டத்தின் கதவு 1884-ல் திறந்தது. வீட்டுக் கதவைத் திறக்க எந்த நாட்டிலும் சட்டம் போட முடியாது, அது நம் கையில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒருநாள் ஒரு பெண் வந்து நிற்கலாம். காப்பி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் குடித்து முடித்ததும் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்காதீர்கள். என்னம்மா ஆச்சு என்று கேளுங்கள்.

(கைதட்டல்)